என் கணவரின் ரோமானியக் கவசம்

1

எங்கள் கடைக் கதவுக் கண்ணாடியில் என் பெயர் ஏறி இந்தச் செவ்வாயோடு ஒரு வருடம். எழுத்து ஒட்ட வந்தவர் ‘சுகந்தி பாலசுப்ரமணியம்’ என்ற பெயரை டொச், அதாவது ஜேர்மன், எழுத்தில் பார்த்துவிட்டுக் கதவின் அகலத்தை இரண்டு தரம் அளந்தார். எழுத்தைச் சின்னதாகத்தான் போடவேண்டிவரும், பரவாயில்லையா என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். பெயர் அங்கே இருந்தால் எனக்குப் போதும்.

வருடம் நிறைந்ததே என்று அந்தக் கதவைப் படம் எடுத்து, கொக்குவிலில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பினேன். அரை மணித்தியாலத்தில் அழைத்தாள்.

“பேர் வடிவாக் கிடக்கு. அதுக்குக் கீழ ஒரு நெஞ்சு கீறி வைச்சிருக்கிறியே, அதென்ன? சட்டை போடாத ஆம்பிளையின்ர படத்தை ஆரும் கேக் கடையில ஒட்டுவினமோ?”

“அக்கா, அது சட்டை போடாத ஆளில்லை. சட்டையே அதுதான்.”

“என்னடி சொல்லுறாய்?”

“ரோமாபுரி ராசாக்கள் போட்ட கவசம். உங்கட மச்சானை வைச்சுத்தான் செய்தனான்.”

அக்கா குரலைத் தாழ்த்தி, “அவருக்குச் சுகம்தானே?” என்று கேட்டாள்.

ரெலிபோனில் சொல்லி முடிகிற கதை இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். அக்காவும் வாசிக்கட்டும்.

2

நான் ஜேர்மனியின் எசன் நகரத்தில் கொண்டிட்டோரின். அதாவது கேக், சொக்கலேற், மார்சிபான் வேலை செய்பவள். மார்சிபான் என்பது வாதுமைப் பருப்பையும் சீனியையும் அரைத்துச் செய்யும் பசை. ரொட்டி மாவைப்போலப் பிசையலாம், களிமண்ணைப்போல உருவம் பிடிக்கலாம். என் கணவர் குமார் இதே நகரத்தில் ட்ராம் ஓட்டுகிறார். ஒரே மகள் அபி, கார்ல்ஸ்ரூஹேயில் கணினி படிக்கிறாள்.

அபி பாலர் பாடசாலைக்குப் போன காலத்தில் ஃப்ராவ் லிண்ட்னர் என்ற அம்மாவின் கஃபேயில் கோப்பை கழுவப் போனேன். ஆறு வருடம் கழுவினேன். ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்டு, ஒரு ரோஜாப்பூவை மார்சிபானில் செய்து காட்டி, “நீ செய்” என்றார். செய்தேன். அவர் தன்னுடைய பூவைப் பிசைந்து உருண்டையாக்கிவிட்டு, என்னுடையதைக் கேக்கின் மேல் வைத்தார்.

முப்பத்தேழு வயதில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி தொடங்கினேன். வகுப்பில் மற்ற எல்லோரும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். முதல்நாள் நான் உள்ளே போனதும் ஆசிரியை வந்துவிட்டார் என்று எழுந்து நின்றார்கள்.

படிப்பைவிட அதற்குக் கொடுத்த அன்ட்ராக் என்கிற விண்ணப்பம்தான் பாடு. பிறப்புப் பத்திரத்தில் என் பெயர் ஒரு விதம், ஓ-லெவல் சான்றிதழில் வேறு விதம், கடவுச்சீட்டில் இன்னொரு விதம். சுகந்தி என்ற ஒரே பெயரை மூன்று கிளாக்கர்மார் மூன்று விதமாக ஆங்கிலத்தில் எழுதிவிட்டார்கள். அலுவலகத்தில் இருந்த பெண் மூன்று தாள்களையும் வரிசையாக வைத்து, “இவர்கள் மூவரும் சகோதரிகளா?” என்று கேட்டார். அவர் பகிடி விடவில்லை. ‘மூவரும் நானே’ என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்துக் கொடுக்க நான்கு தரம் தெர்மின் எடுத்து, குறித்த நேரத்துக்குப் போகவேண்டியிருந்தது.

அந்தப் படிப்பு முடிந்து எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஃப்ராவ் லிண்ட்னருக்கு முழங்கால் விட்டுப்போனது. கடையை எனக்குத் தருவதாகச் சொன்னார். ஆனால் தொழிலில் தேர்ந்தவருக்குத் தருகிற மைஸ்டர் பட்டம் எடுக்கவேண்டும். வேறு குறுக்கு வழிகளும் இருக்கின்றன என்று சிலர் சொன்னார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “இந்தக் கடையில் எப்போதும் ஒரு மைஸ்டர் இருந்திருக்கிறார். இனியும் இருக்கவேண்டும்” என்றார்.

முதல் தரம் செய்முறைப் பரீட்சையில் நேரம் போதாமல் தோற்றேன். பாதி கட்டிய சீனிக் கோபுரத்தை மேசையில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, இரண்டு நாள் ஒருவரோடும் கதைக்கவில்லை. அடுத்த பரீட்சை ஒக்ரோபரில். கடையின் குத்தகை டிசம்பரில் முடிகிறது. அந்த இடத்தைக் கேட்டு ஒரு கைத்தொலைபேசிக் கடைக்காரர் ஏற்கெனவே இரண்டு தரம் வந்து போயிருந்தார்.

3

பரீட்சைக்குத் தந்த தலைப்பு ‘ரைன் கரையில் ரோமர்’. எல்லோரும் கப்பலும் சாடியும் வளைவும் செய்வார்கள் என்று தெரியும். எனக்கு ரோமரைப் பற்றி ஒன்றும் தெரியாது. கொலோனுக்கு அரிசி, மீன் வாங்கப் போகிற ஒரு சனிக்கிழமை குமாரையும் இழுத்துக்கொண்டு அங்கே ஒரு அருங்காட்சியகத்துக்குள் போனேன். அபியும் அந்தக் கிழமை வந்திருந்தாள்.

வந்திருந்தாள் என்று எழுதுகிறேன். ஆனால் அந்த நாட்களில் அபி வந்தாலும் வராததுபோலத்தான் இருக்கும். தமிழில் கேட்டால் டொச்சில் பதில் வரும். ரெலிபோனில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, மூன்று நிமிடம். சாப்பிட்டியா, ஓம். குளிரா, ஓம். சரி அம்மா, பிறகு கதைக்கிறன். நான் குற்றம் சொல்லவில்லை. அவளுடைய நாளில் எனக்கு விளங்குகிற பகுதி வரவரக் குறைந்துகொண்டு போனது, அவ்வளவுதான்.

அந்தச் சிலை மூன்றாவது அறையில் நின்றது. தலை இல்லை, கைகள் முழங்கையோடு போய்விட்டன. வெள்ளைப் பளிங்கில் ஒரு ஆணின் மார்பும் வயிறும். முதல் பார்வையில் உடுப்பில்லாத உடம்பு என்று நினைத்துக் கண்ணை எடுத்துவிட்டேன். பிறகுதான் தோளில் பட்டி தெரிந்தது. இடுப்பைச் சுற்றி ஒரு துணி முடிச்சு. அதற்குக் கீழே வரிசையாக நாக்குப்போலத் தொங்கும் தோல் பட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மிருகத்தின் தலை.

அது உடம்பு அல்ல, உடம்புபோலச் செய்த கவசம். நெஞ்சுத் தசை, விலா, வயிற்றின் கட்டுகள் எல்லாவற்றையும் உலோகத்தில் அடித்து, அதை மேலே போட்டுக்கொள்வார்களாம். நெஞ்சின் நடுவில் பாம்புத் தலைமயிரோடு ஒரு பெண்ணின் முகம். அதற்குக் கீழே சிங்க உடம்பும் கழுகு மூக்கும் கொண்ட இரண்டு மிருகங்கள் எதிரெதிராக நின்றன. கோயிலில் சாமிக்கு வெள்ளிக் கவசம் சாத்தினால் அதிலும் இப்படித்தான் யாளியும் பூவும் இருக்கும் என்று நினைத்தேன். கால் நகராமல் நின்றேன்.

குமார் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார்.

“இஞ்ச பாரும், யானைத் தலை. எங்கட ஆள் இஞ்சயும் வந்திட்டார்.” பிறகு கொஞ்சம் மேலே பார்த்தார். “அதுசரி, இரும்புச் சட்டைக்கு என்னத்துக்குத் தொப்புள்?”

அபி சுவரில் இருந்த விளக்கத்தை வாசித்தாள். “அப்பா, உடம்பைத் தனியாச் செய்து வைப்பினமாம். தலையைப் பிறகுதான் பூட்டுறது. சில நேரம் புது கைசர், அதான் சக்கரவர்த்தி, வந்தால் தலையை மட்டும் மாத்துவினமாம்.”

“அப்ப எங்கட ட்ராம் மாதிரி” என்றார் குமார். “வண்டி ஒண்டுதான். டிரைவர் மாறுவார்.”

அபி சிரித்தாள். அருங்காட்சியகத்தில் சிரிக்கக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்துக் கன காலம்.

“கிழவன் ராசாவும் இதைத்தான் போடுவாரோ?” என்று கேட்டேன்.

“ஓம் அம்மா. அவருக்குத் தொந்தி இருந்தாலும் வெளியில இதுதான் தெரியும்.”

அங்கேயே முடிவெடுத்துவிட்டேன். வெளியே வந்ததும் ஃப்ராவ் லிண்ட்னருக்கு அழைத்து, “நான் ஒரு பன்ஸர் செய்யப்போகிறேன்” என்றேன்.

அவர் மெதுவாக, “சுகந்தி, பரீட்சைக்கு யுத்தத் தாங்கி வேண்டாம்” என்றார்.

டொச்சில் கவசத்துக்கும் பன்ஸர்தான், யுத்தத் தாங்கிக்கும் பன்ஸர்தான். ஆமையின் ஓட்டுக்கும் அதே சொல். நாங்கள் ஜேர்மனிக்கு வந்த புதிதில் செய்தியில் அந்தச் சொல் வந்தால் குமார் ரிவியை நிறுத்திவிடுவார். எங்களுக்கு அதில் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. இப்போது அபி என் கையிலிருந்து ரெலிபோனை வாங்கி, மார்பில் போடுகிற பன்ஸர், ரோமர் போட்டது, யாரையும் சுடாது என்று விளங்கப்படுத்தினாள். குமார் பக்கத்தில் நின்று கேட்டுச் சிரித்தார்.

4

சொக்கலேற்றில் வார்ப்பதற்கு அச்சு வேண்டும். அச்சுக்கு ஒரு உடம்பு வேண்டும். உடுப்புக் கடைப் பொம்மையைப் பார்த்தேன். அதற்கு நெஞ்சே இல்லை. அன்று மாலை சாப்பிடும்போது குமாரைப் பார்த்தேன். அவர் கையில் இடியப்பத்தோடு நிறுத்தினார்.

“என்ன அப்பிடிப் பாக்கிறீர்?”

“சேர்ட்டைக் கழட்டுங்கோ.”

“சாப்பிட்டுட்டுக் கழட்டலாமோ?”

அடுத்து வந்த சனிக்கிழமை மாடிவீட்டின் கெல்லரில், உடுப்புத் தோய்க்கும் மெசின்கள் இருக்கிற நிலக்கீழ் அறையில், அவரை ஒரு ஸ்டூலில் இருத்தினேன். முழங்கை வரை வசலின் பூசிக்கொண்டு அவர் நெஞ்சில் தேய்த்தேன். எலும்பு முறிவுக்குக் கட்டுகிற சாந்துத் துணியைத் தண்ணீரில் நனைத்து ஒவ்வொன்றாக ஒட்டினேன். இறுகும் வரை இருபது நிமிடம் அசையக்கூடாது, சிரிக்கவும் கூடாது.

முதலில் அவர் மூச்சை உள்ளே இழுத்து, வயிற்றை எக்கிக்கொண்டு இருந்தார். மூன்றாவது நிமிடம் முடியாமல் விட்டுவிட்டார். வயிறு தன் இடத்துக்கு வந்தது, சாந்தும் அதோடு சேர்ந்து வந்தது.

அந்த நேரம் பார்த்து மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஹெர் ஷுல்ஸ் தோய்க்கிற கூடையோடு வந்தார். வாசலில் நின்று எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

“மைஸ்டர் பரீட்சை” என்றார் குமார், உதடு மட்டும் அசைய.

ஹெர் ஷுல்ஸ் தலையை ஆட்டினார். உடுப்புகளை மெசினில் போட்டு, பொத்தானை அமர்த்திவிட்டு, “வெற்றி கிடைக்கட்டும்” என்று சொல்லிப் போனார். ஜேர்மனியில் பரீட்சை என்று சொன்னால் எதற்கும் மரியாதை உண்டு.

அவர் போனபிறகு சும்மா இருக்க முடியாமல் நான் குமாருடைய இடது விலாவைப் பார்த்தேன். அங்கே நீளமாக ஒரு காயத் தழும்பு இருந்தது. சாந்துத் துணியின் ஓரத்தில் பாதி தெரிந்தது. கலியாணம் முடித்து இருபத்தேழு வருடம். ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. ஷெல் விழுந்த காயம் என்று நானே நினைத்துக்கொண்டேன். அவர் சொல்லாததை நாங்கள் கிண்டக்கூடாது என்று இருந்தேன். சிலவேளை அவர் நித்திரையாக இருக்கும்போது அதைப் பார்த்துக் கண்கலங்கியும் இருக்கிறேன்.

அன்று கேட்டேன். “இது எந்த வருசம் பட்டது?”

“எது, இதுவோ? ஏ-எல் படிக்கேக்க.”

“எங்க, வீட்டிலயோ? ஷெல் உள்ளுக்க விழுந்ததோ?”

“ஷெல்லோ? ஆர் சொன்னது ஷெல் எண்டு?”

“அப்ப?”

அவர் கண்ணை மூடினார். சிரிப்பை அடக்குகிறார் என்று சாந்து நடுங்கியதில் தெரிந்தது.

“தியேட்டர் மதில். டிக்கெட் எடுக்காமல் ஏறிக் குதிச்சனாங்கள். மேல போத்தல் ஓடு பதிச்சு வைச்சிருந்தவங்கள்.”

“இருபத்தேழு வருசமா நான் இதைப் பாத்து அழுதிருக்கிறன்.”

“நீர் கேக்கேல்லையே. நானும், இவ என்னை வீரன் எண்டு நினைக்கிறா, இருக்கட்டும் எண்டு விட்டிட்டன்.”

நான் முதலில் சிரித்தேன். பிறகு அவரும் சிரித்தார். சாந்தில் நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு வெடிப்பு விழுந்தது. அதன்மேல் இன்னும் இரண்டு துண்டு ஒட்டவேண்டியிருந்தது. கழற்றும்போது வசலினையும் மீறி நெஞ்சு மயிரில் பாதி சாந்தோடு வந்துவிட்டது.

“ரோமர் எண்டு ஏன் பேர் வந்தது எண்டு இப்ப விளங்குது” என்றார் குமார், நெஞ்சைத் தடவிக்கொண்டு.

முதுகுக்கும் இப்படியே ஒன்று எடுத்து, அந்த வார்ப்புகளின்மேல் களிமண்ணால் தசை வைத்தேன். எனக்கு ஆண்களின் தசை எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று தெரியாது. அபிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். பதினைந்து நாளுக்கு மூன்று நிமிடம் கதைக்கிற பிள்ளை பத்து நிமிடத்தில் வீடியோவில் வந்தாள்.

“அம்மா, விலா எலும்பு அவ்வளவு கீழ வராது. வயித்தில ஆறு கட்டு வரவேணும். நீங்கள் எட்டு வைச்சிருக்கிறியள்.”

“அப்பாவின்ர வயித்தில எட்டும் கொள்ளும்.”

“கமராவை அப்பா பக்கம் திருப்பாதேங்கோ, பெயின்லிஷ்” என்றாள். வெட்கக்கேடு என்று அர்த்தம். ஆனால் மறுநாளும் அழைத்தாள், அதற்கு மறுநாளும். சிலிக்கோனில் அச்சு எடுக்கும் நாளில் ரயிலேறி வந்தே விட்டாள். அந்த இரண்டு மாதத்தில் நானும் அவளும் கதைத்த அளவுக்கு முன்னைய ஐந்து வருடத்தில் கதைக்கவில்லை. பாம்புத் தலைமயிர்ப் பெண்ணைப் பற்றித் தொடங்கினால் அவளுடைய விடுதி, ஒத்துவராத பேராசிரியர், தான் சமைத்துக் கருக்கின கத்தரிக்காய் வரை போகும். அதுவும் தமிழில். சொல் வராத இடத்தில் டொச் வரும். வந்தால் என்ன.

5

பரீட்சை இரண்டு நாள். இந்தமுறை நேரத்தைத் தாளில் எழுதி, மேசையில் ஒட்டி வைத்திருந்தேன். சொக்கலேற்றை உருக்கி, பளிங்குக் கல்லில் ஊற்றி ஆறவைத்து, திரும்ப இளஞ்சூட்டுக்குக் கொண்டுவந்தேன். முன்பக்க அச்சில் இரண்டு படை ஊற்றினேன். இறுகியதும் தானாகக் கழன்று கையில் வந்தது. மினுங்கிக்கொண்டு, ஒரு குமிழி இல்லாமல்.

பின்பக்கத்துக்குப் பொறுமை போதவில்லை. இரண்டாம் நாள் காலை, இன்னும் பத்து நிமிடம் விட்டிருக்கவேண்டும். இழுத்தேன். தோளில் இருந்து இடுப்பு வரை கோணலாக வெடித்து, ஒரு துண்டு அச்சிலேயே நின்றுவிட்டது.

பக்கத்து மேசைப் பெடியன் தன் கப்பலுக்குப் பாய்மரம் வைத்துக்கொண்டிருந்தான். திரும்ப வார்க்க நேரமில்லை. கைத்தொலைபேசிக் கடை கண்ணுக்குள் வந்தது. ஒரு நிமிடம் கையைத் துடைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

அந்தச் சிலையைச் சுற்றி நடந்தது ஞாபகம் வந்தது. பின்னாலே அதன் ஒரு தோளில் இருந்து போர்வை ஒன்று விழுந்து முதுகை மூடியிருந்தது. உடைந்த துண்டை உருகிய சொக்கலேற்றால் ஒட்டினேன். மிச்சமிருந்த மார்சிபானுக்குச் சிவப்பு நிறம் போட்டு மெல்லியதாக உருட்டி, தோளில் இருந்து இடுப்பு வரை விட்டேன். மடிப்பு எடுக்க நான் யோசிக்கவே இல்லை. கை தானாக எடுத்தது. சேலைக்குக் கொசுவம் வைக்கிற கைதானே. ஆறு நிமிடம் மிச்சம் இருக்கும்போது கடைசி யானைத் தலையை ஒட்டி முடித்தேன்.

பரிசோதகர்கள் மூன்று பேர். தலைமைப் பரிசோதகர் உயரமான ஒரு பெண். கவசத்தை இரண்டு தரம் சுற்றி வந்தார்.

“இந்த மடிப்புகளை எங்கே படித்தீர்கள்?”

“வீட்டில். சேலையில்.”

“போர்வை எதற்காக?”

சரித்திரம் சொல்லித் தப்பியிருக்கலாம். “முதுகு உடைந்துவிட்டது” என்றேன்.

மற்ற இரண்டு பேரும் தாளில் இருந்து நிமிர்ந்தார்கள். ஏன் உடைந்தது என்று கேட்டார் அவர். ஓரத்தில் தடிப்புக் கூட, நடுவில் குறைவு, அதோடு நான் பத்து நிமிடம் பொறுக்கவில்லை என்றேன். அவர் எழுதினார். பிறகு பேனாவால் வயிற்றைக் காட்டினார்.

“ஆறு தசையும் சரியாக இருக்கிறது. ஆனால் முழு வயிறும் கொஞ்சம் முன்னுக்கு வந்திருக்கிறது. இது வேண்டுமென்று செய்ததா?”

“அது என் கணவர்” என்றேன்.

பின்நேரம் குடும்பத்தினருக்குக் கதவைத் திறந்தார்கள். குமார் வேலை முடித்து ட்ராம் சீருடையோடே வந்து கவசத்துக்குப் பக்கத்தில் நின்றார். தலைமைப் பரிசோதகர் அவரைப் பார்த்தார், கவசத்தைப் பார்த்தார், திரும்ப அவரைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, “உங்களை எனக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரியும்” என்றார். குமாரின் காது சிவந்துபோனது.

முடிவை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். என் முறை வந்ததும் அந்தப் பெண் என் கையைப் பிடித்து, “ஸீ ஹாபன் பெஷ்டாண்டன்” என்றார். சித்தியடைந்துவிட்டீர்கள் என்று பொருள். எனக்கு அது ‘ஃபெர்ஷ்டாண்டன்’ என்று கேட்டது. விளங்கிக்கொண்டீர்கள் என்று சொல்கிறார் போலும் என்று நினைத்து, “ஓம், விளங்கிக்கொண்டேன்” என்று பவ்வியமாகப் பதில் சொன்னேன். அறை முழுக்கச் சிரித்தது. குமார் பின்னாலிருந்து தமிழில் சொன்னார்.

“இஞ்சேர், நீர் பாஸ்.”

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

6

கவசம் மூன்று கிழமை கடைக் கண்ணாடிக்குள் நின்றது. பிள்ளைகள் மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஓரங்களில் சொக்கலேற் வெளுக்கத் தொடங்கியதும், “தின்னச் செய்ததைத் தின்னவேண்டும்” என்றார் ஃப்ராவ் லிண்ட்னர். கடையை எனக்குக் கையளிக்கிற ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூப்பிட்டோம். வழமையான வாடிக்கைக்காரர், ட்ராம் டிரைவர்மார், தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளும் தாய்மாரும், புதுச் சேர்ட் போட்ட ஹெர் ஷுல்ஸ்.

ஃப்ராவ் லிண்ட்னர் கடைத் திறப்புக் கோர்வையை என் கையில் தந்தார், ஒரு மரச் சுத்தியலைக் குமாரின் கையில் தந்தார். “உங்கள் நெஞ்சு, உங்கள் உரிமை.”

குமார் மெதுவாகத் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தரம் தட்டினார். அப்போதும் இல்லை. “எனக்கு ஏலாது, நோகும்போலக் கிடக்கு” என்று சொல்லிச் சுத்தியலை அபியிடம் கொடுத்தார். அபி ஒரே அடி போட்டாள்.

யானைத் தலைகளுக்குப் பிள்ளைகள் சண்டை பிடித்தார்கள். பாம்புப் பெண்ணின் முகத்தை ஹெர் ஷுல்ஸ் வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டு வாங்கினார். குமார் தட்டோடு ஒவ்வொருவரிடமும் போய், “இது வயிறு, கொஞ்சம் கனமா இருக்கும்” என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். இடது தோளை மட்டும் நான் ஒளித்து வைத்து, கடதாசியில் சுற்றி, ரயிலுக்குப் போன அபியின் பையில் வைத்தேன்.

மன்ஹைம் தாண்டுகிற நேரத்தில் அவளிடமிருந்து அழைப்பு வந்தது.

“அம்மா, தோள் முடிஞ்சுது. முன் சீட்டில இருந்த ஒரு அம்மாவுக்கும் குடுத்தன். இன்னும் இருக்கோ?”

“இருக்கு.”

“அப்ப வாற சனி வாறன். ஒருத்தருக்கும் குடுக்காதேங்கோ.”

ரெலிபோனை வைத்துவிட்டுக் கடையைப் பார்த்தேன். குமார் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். தூள்கூட மிச்சமில்லை. அலுமாரிக்கு மேலிருந்த அச்சை இறக்கித் துடைத்தேன், சொக்கலேற்றை உருகப் போட்டேன்.